பத்தடி மொட்டைத்தரை

ஒச்சாயி அக்கா இருக்கிற இடத்தில் எதையும் குப்பை என்று சொல்லிவிட முடியாது. "எங்க, காட்டு பாப்பம்" என்று கையை நீட்டிவிடுவார். ஓட்டை விழுந்த குடம், கிழிந்த சிமெண்டுச் சாக்கு, மூடி தொலைந்த பெயிண்டு டப்பா, எதுவானாலும் அடுத்த வாரம் அதில் ஒரு செடி நிற்கும். எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். மற்ற ஏழு வாசலிலும் செருப்புக் கிடந்தால், அவர் வாசலில் மட்டும் செருப்பு விட இடமிருக்காது. மிளகாயும் கத்தரியும் பொன்னாங்கண்ணியும் வரிசை கட்டி நிற்கும். "யக்கா, இது ஊடா, உழவர் சந்தையா?" என்று நான் கேலி செய்வேன். வீட்டை ஊடு என்று பேச இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

நான் அந்தோணிராஜ். தூத்துக்குடிப் பக்கம். திருப்பூரில், காங்கேயம் ரோட்டில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்தி பிடிக்கிற வேலை என்பதாலோ என்னவோ, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்பெனியில் என்னைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் ஒச்சாயி அக்காதான். செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிற வேலை அவருக்கு. தைத்து வருகிற பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒதுக்கி, தொங்குகிற நூலை வெட்ட வேண்டும். நாற்பது வயதிலும் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டை போனதில்லை. நான் கத்தினால், "சரி, கத்தி முடிச்சுட்டீகளா மாஸ்டர் தம்பி? டீ ஆறுது" என்பார்.

உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு துண்டு மானாவாரி நிலம் இருந்தது. வானம் பார்த்த பூமி, மழை வராமலே போயிற்று. புருசன் காய்ச்சலில் போனபின் நிலம் கொழுந்தன்மார் கைக்குப் போய்விட்டது. இரண்டாயிரத்தில் ஒரு துணிப்பையோடு திருப்பூர் பஸ் ஏறி வந்தவர், அந்தப் பையில் மாற்றுச் சேலையோடு கத்தரி விதையும் தட்டப்பயறும் முடிந்து கொண்டுவந்திருந்தார். வேலை கிடைக்கும் முன்பே விதையை ஊன்றிவிட்டார் என்று வாடகை வாங்க வருகிற எங்கள் வீட்டுக்காரம்மா சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் லைன் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி சாமியப்பன் ஐயாவின் நாலு ஏக்கர் கொறங்காடு. வேலி போட்டு, புல் வளர்த்து, மாடு மேய்ப்பதற்கென்றே விட்டிருக்கிற நிலத்தை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். சுற்றிலும் கிளுவை முள்செடி வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். மூன்று காங்கேயம் பசுக்கள். கார்த்திகைக்குப் பிறகு புல் காய்ந்து நின்றபடியே வைக்கோல் ஆகிவிடும். அடுத்த மழை வரைக்கும் மாட்டுக்கு அதுதான் சோறு. இடது பக்கமும் வலது பக்கமும் காடெல்லாம் சைட்டு போட்டாகிவிட்டது. ஐயாவின் மகன் இளங்குமரன் டவுனில் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தார். அவரும் விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை, அப்பா அந்த வெயிலில் தனியாகக் கிடக்கிறாரே என்பதுதான் அவர் கவலை.

ஐயா மகனிடம் ஒரே ஒரு சொல் கொடுத்திருந்தார். "இந்தக் காடு மாட்டுக்குத் தீனி போடற வரைக்கும் விக்க மாட்டேன் கண்ணு. வெளிய போய் ஒரு கட்டுச் சோளத்தட்டு வாங்கற நெலம வந்துச்சுன்னா, அன்னைக்கு நீ சொல்றபடி செய்யறேன்." இது ஊருக்கே தெரியும். எங்கள் லைன் வீட்டுக்கும் தெரியும்.

அந்தச் சொல்லைக் காப்பாற்ற அவர் செய்த வேலைகளில் ஒன்றுதான் மொட்டைத்தரை. மாசி பிறந்ததும் வேலிக்கு உள்பக்கமாக, நாலு புறமும் பத்தடி அகலத்துக்கு ஏரோட்டி மண்ணைப் புரட்டிவிடுவார். ஒரு புல் நுனி, ஒரு சருகு இருக்காது. ரோட்டில் போகிறவன் பீடி போட்டாலும், சைட்டுக்காரன் குப்பையைக் கொளுத்தினாலும் தீ வேலியோடு நின்றுவிட வேண்டும், புல்லுக்குத் தாண்டக்கூடாது. அவர் அப்பா காலத்திலிருந்து நடக்கிற வேலை.

இரண்டாயிரத்து ஒன்று ஆடியில், சிமெண்டுச் சாக்கில் காய்த்த கத்தரியைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த ஐயா, "ஏனுங்க அம்மிணி, சாக்குல வளத்தறதுக்கு மண்ணுல வளத்தலாமுல்ல?" என்று கேட்டார். பின்சுவரை ஒட்டிய மொட்டைத்தரையில் முப்பதடி நீளத்தை அவருக்குக் கொடுத்தார். "பச்சை இருந்தாலும் தீ தாண்டாதுங்க. மொட்டையா இருந்தாலும் தாண்டாது. ரெண்டுங்கெட்டானாத்தான் இருக்கக்கூடாது. பங்குனியில தண்ணி பத்தலீன்னா எல்லாத்தையும் புடுங்கிப் போட்டு மொட்டையாக்கிப் போடோணும். அது ஒண்ணுதானுங்க."

"செஞ்சுர்றேன்யா" என்றார் ஒச்சாயி அக்கா. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனிக்கு வந்து அத்தனை பேரிடமும், "எனக்குக் காடு கெடச்சிருக்கு" என்று சொன்னார். முப்பதுக்குப் பத்து. அதற்குத்தான் அந்தப் பெருமை.

முதல் வருசம் சொன்ன சொல் தவறவில்லை. பங்குனியில் போர்வெல்லில் தண்ணீர் குறைந்ததும், பூவும் பிஞ்சுமாக நின்ற கத்தரியைத் தானே பிடுங்கினார். ஞாயிற்றுக்கிழமை. நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செடியையும் பிடுங்கி வேரைத் தட்டிப் பார்த்து ஓரமாக வைத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "என்னக்கா, கத்தரிச்செடிக்கா அழுவாக?" என்றேன். "ஒனக்கென்னப்பா, நீ வெட்டறவன்" என்றார்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தானோ என்னவோ, அடுத்த வருசம் நானே ஒரு யோசனை சொன்னேன். கட்டிங் டேபிளுக்கு அடியில் தினமும் மூட்டை மூட்டையாக வேஸ்ட் விழும். கழுத்து வெட்டிய அரைவட்டங்கள், கை வெட்டிய மிச்சங்கள், சிவப்பும் நீலமும் ரோஸும். பருத்தித் துணி தண்ணீரை நன்றாகக் குடிக்கும். செடியைச் சுற்றிப் பரப்பி நனைத்துவிட்டால் வெயில் மண்ணைத் தொடாது, ஒரு குடம் ஊற்றுகிற இடத்தில் கால் குடம் போதும். முதலாளியிடம் கேட்டு மூன்று மூட்டை வாங்கிக் கொடுத்தேன். ஒச்சாயி அக்கா துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மண்ணே தெரியாமல் மூடிவிட்டார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். செடிக்குப் பனியன் போட்டுவிட்ட ஒச்சாயி என்று பேர் வந்தது.

அது இரண்டாயிரத்து இரண்டு. மழை பொய்த்த வருசம். தென்னையே கருகியது. ஐயா காட்டில் புல் முழங்காலுக்குக் கீழேதான் வந்தது, ஆனாலும் வந்தது. மூன்று மாட்டுக்கும் ஆடி வரை கணக்காகக் காணும் என்றார். ஒச்சாயி அக்காவின் முப்பதடி மட்டும் பச்சையாக நின்றது. மாசியிலும் கீரை கொடுத்தது. லைன் வீட்டில் எட்டுக் குடித்தனமும் அந்தக் கீரையைத்தான் தின்றோம். பீர்க்கங்கொடியைக் கிளுவை வேலியில் ஏற்றிவிட்டிருந்தார்.

பங்குனியில் ஐயா வந்தார். சொன்ன சொல்லை நினைவுபடுத்தத்தான் வந்தார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒச்சாயி அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஐயா குனிந்து, துணிக்கு அடியில் கையை விட்டு மண்ணை அள்ளினார். உருண்டை பிடிக்க வந்தது.

"ஈரம் நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி" என்றார். கொஞ்ச நேரம் அந்த உருண்டையையே பார்த்தார். "இந்த வருசத்துல எங்கியும் இப்படி ஈரத்த நான் பாக்கலீங்க. செரி, இருக்கட்டும். ஆனா ஒரு நாளும் தண்ணி உடாம இருந்தறாதீங்க. துணி காஞ்சா அன்னைக்கே வாரிப்போடோணும்."

"சாமி சத்தியமாய்யா" என்றார் ஒச்சாயி அக்கா. தினமும் விடிவதற்கு முன் போர் குழாயில் ஆறு குடம் பிடித்து ஊற்றிவிட்டுத்தான் கம்பெனிக்கு வருவார்.

பங்குனிக் கடைசியில் கம்பெனிக்கு ஒரு புது ஆர்டர். பாலியஸ்டர் கலந்த துணி. பழைய வேஸ்ட் மக்கிவிட்டது, புதிது வேண்டும் என்று அக்கா கேட்க, அந்தத் துணியில் இரண்டு மூட்டை கொடுத்தேன். நான்கு நாள் கழித்து, "மாஸ்டர் தம்பி, இது தண்ணியே குடிக்க மாட்டேங்குதே" என்றார். "புதுசுல்லக்கா, போவப்போவ குடிக்கும்" என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். துணி எதுவென்று தெரிந்துகொள்ள, கட்டிங் மாஸ்டர் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பார்ப்பான். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி ஒழுகி, ஆறினதும் கறுப்பாக மணி கட்டும். அந்தத் துணியையும் நான்தான் கொளுத்திப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அதைக் காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் போடுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சித்திரை இரண்டாம் வாரம் ஷிப்மெண்ட். கண்டெய்னர் வரும் நாள் முன்னால் வந்துவிட்டது. நாலு நாள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனியிலேயே சாப்பாடு, துணிக்கட்டின் மேலேயே தூக்கம். இதெல்லாம் திருப்பூரில் புதிதில்லை. மூன்றாம் நாள் காலை டீ நேரத்தில் ஒச்சாயி அக்கா என் டேபிளுக்கு வந்தார்.

"மாஸ்டர் தம்பி, ஒரு மணி நேரம் விட்டீகன்னா தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன். ஓட்டமும் நடையுமா வந்துருவேன்."

"யக்கா, நீங்க ஒராளு போனா பின்னாலயே பத்துப் பேரு கேப்பாவ."

"துணி காஞ்சிருக்கும்ப்பா. ஐயாட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

எனக்குத் தூக்கமில்லை. கண் எரிந்தது. முதலாளி மணிக்கொரு தரம் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செடி காஞ்சா வேற செடி வச்சுக்கிடலாம். போய் டேபிள்ல உக்காருங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னை ஒரு நிமிசம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து பிசிறு வெட்ட ஆரம்பித்தார்.

நாலாம் நாள் மத்தியானம் கம்பெனி போன் அடித்தது. எடுத்தது நான்தான். வீட்டுக்காரம்மா பேசினார். கொறங்காடு எரிகிறது என்றார்.

அக்காவை டிவிஎஸ் பிப்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தார். நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நாலு ஏக்கர் காய்ந்த புல் எரிய அரை மணி நேரம்கூட ஆகாதாம். தரை கறுப்பாகக் கிடந்தது. வெள்வேல மரங்கள் இலை கருகி நின்றன. ஐயா மேற்கு வேலியை அரிவாளால் வெட்டி மாடுகளை ரோட்டுக்கு விரட்டிவிட்டிருந்தார். இடது பாதம் வெந்துபோயிருந்தது. ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

தீ எப்படி வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, தரையில் எழுதியிருந்தது. ரோட்டோரச் சருகில் பிடித்து, கிளுவை வேலியை ஒரு ஓரமாக எரித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஐயா புரட்டிவிட்ட மண்ணுக்கு வந்த இடத்திலெல்லாம் நின்றிருக்கிறது. முப்பதடியில் மட்டும் காய்ந்த பீர்க்கங்கொடியைப் பிடித்து இறங்கி, துணியில் ஏறி, துணி வழியாகப் புல்லுக்குப் போயிருக்கிறது. விளக்குக்குத் திரி போட்ட மாதிரி நாங்களே போட்டு வைத்திருக்கிறோம். குனிந்து மண்ணைத் தொட்டேன். விரலில் கறுப்பு மணிகள் ஒட்டின.

மூன்று நாள் கழித்து ஐயா கட்டுப்போட்ட காலோடு எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். ஒச்சாயி அக்கா உள்ளேயிருந்து வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

"திட்ட வரலீங்க அம்மிணி" என்றார் ஐயா. "தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். ஈரம் இருந்திருந்தா அது தாண்டியிருக்காதே. தண்ணி உட்டீங்களா?"

நான் வாயைத் திறந்திருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் நின்றேன்.

"மறந்துட்டேன்யா" என்றார் அக்கா. "நாலு நாளா மறந்துட்டேன்." என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஐயா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "செரிங்க" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போனார். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். இத்தனை கோபக்காரனுக்கு அன்றைக்கு ஒரு சத்தம் வரவில்லை, வெட்கங்கெட்டவன்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அந்தப் பஞ்சத்தில் ஐயா வெளியே தீவனம் தேடிப் போக வேண்டியதாயிற்று. மகன் எதையும் வற்புறுத்தவில்லை. ஐயாவே கூப்பிட்டு, "சொன்ன சொல்லு சொன்னதுதான் கண்ணு" என்றாராம். வைகாசியில் மாடுகள் சந்தைக்குப் போயின. ஆடியில் காடு கைமாறியது. ஐயா டவுனில் மகன் வீட்டு மாடிக்குப் போய்விட்டார். ஜேசிபி வந்து கிளுவை வேலியைப் பிடுங்கி, வெள்ளையடித்த கல்லை வரிசையாக நட்டார்கள். ஒச்சாயி அக்கா வாசலில் இருந்த சாக்குகளையும் டப்பாக்களையும் எடுத்துவிட்டார். மற்ற வாசல்களைப் போல அங்கேயும் செருப்புக் கிடந்தது.

ஐப்பசியில் மழை பெய்தது. பெரிய மழை இல்லை, நாலைந்து தூறல். அவ்வளவு போதுமாக இருந்தது. ஒரு காலையில் பின்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். சைட்டுக் கல்லுக்கு நடுவே கொழுக்கட்டைப்புல் பச்சைப்பசேலென்று கிளம்பியிருந்தது. மேலே எரிந்தாலும் அடியில் வேர் சாகவில்லை. தின்ன மாடில்லாமல் அது பாட்டுக்கு வளர்ந்தது. ஒச்சாயி அக்கா என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் வேலைக்கு வரவில்லை.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐயாவைப் பார்க்கப் போனேன். மாடி வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் பனியன் மூட்டை ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துணியைச் சொன்னேன், ஒரு மணி நேரத்தைச் சொன்னேன்.

ஐயா குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "அந்த அம்மிணி மறக்கற ஆள் இல்லீங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும். யாருக்காவப் பொய் சொன்னாங்கன்னுதான் இத்தன நாளா யோசிச்சிட்டு இருந்தேன்" என்றார். "நீங்கதானுங்களா?"

"ஆமாங்கய்யா."

"ம்." தெருவைப் பார்த்தார். பிறகு, "மழ பேஞ்சுதே, அங்க புல்லு வந்திருக்குமே?" என்று கேட்டார்.

"வந்திருக்குங்கய்யா."

"எத்தன ஒசரம்?"

நான் முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "அப்ப நல்லா வந்திருக்குது" என்றார். நான் கிளம்பிப் படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "அம்மிணிகிட்டச் சொல்லுங்க, மாசியில அந்தப் பத்தடிய மறக்காமப் பொரட்டிப் போட்டறோணும். புல்லு அத்தன ஒசரம் நிக்குதுன்னா ஆபத்து." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

ஐயா சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். என்மேல் கோபப்படுவார் என்று பார்த்தேன். "பொரட்டச் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மாசியில் ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். வேலி இருந்த தடத்தை ஒட்டி, சைட்டுக் கல்லை நகர்த்தாமல், பத்தடி அகலத்துக்கு மண்ணைப் புரட்டினார். நாலு ஏக்கரையும் சுற்ற ஒன்பது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. சைட்டு வாட்ச்மேன் பைத்தியம் என்றான். அடுத்த வருசமும் செய்தார். அதற்குள் ஐயா போய்விட்டார். எடுத்த அன்று அக்கா சுடுகாட்டு வாசல் வரைக்கும் நடந்து போய் நின்றுவிட்டு வந்தார். வீடுகள் ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப, புரட்டுகிற இடம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு செடியும் அவர் வைக்கவில்லை. யாராவது கத்தரி நாற்று கொடுத்தால், "எனக்கு வேணாம்ப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்த வருசம், இரண்டாயிரத்து ஏழு, மாசி. கடைசி சைட்டிலும் சுவர் எழும்பிவிட்டது. காம்பவுண்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே இரண்டடி மண் மிச்சம். ஒரு வேலை நாள் காலையில், டேபிளில் அக்காவைக் காணாமல் எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அக்கா அந்த இரண்டடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. நான் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினேன். அவரும் கொடுத்துவிட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வேலை இல்லையா மாஸ்டர் தம்பி?"

"லீவு சொல்லிட்டு வந்தேங்க்கா."

"இதுக்கா ஒரு நாள் லீவு போட்டீக?" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மணி நேரம் கேட்டிருந்தா விட்டிருப்பாகளே."